நிகத் கேட்ட இரண்டு கேள்விகள்

2019 டிசம்பர் 28. டெல்லி இந்திரா காந்தி உள்விளையாட்டு அரங்கம். ரிங்கின் ஒரு மூலையில் ஆறு முறை உலக சாம்பியனான மேரி கோம், மறு மூலையில் 23 வயது நிகத் ஜரீன். 51 கிலோ எடைப் பிரிவில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் சண்டை அது. மூன்று சுற்றுகளும் முடிந்தபோது 9-1 என்ற கணக்கில் மேரி கோம் வென்றதாக அறிவித்தார்கள். நிகத் அவரை அணைத்துக்கொள்ளப் போனார். மேரி கோம் கைகூடக் குலுக்காமல் இறங்கிப் போய்விட்டார். முடிவை ஏற்க மறுத்துத் தெலங்கானா குத்துச்சண்டைச் சங்கத்தார் குரல் எழுப்ப, இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் தலைவரே வந்து அவர்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

நிகத்தின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக 2022-ல் இஸ்தான்புல்லில் அவர் வென்ற தங்கத்திலிருந்து தொடங்குவார்கள். நான் அவர் தோற்ற இந்தச் சண்டையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு முஸ்லிம் பெண் கட்டுப்பாடுகளை மீறி விளையாட்டுக்கு வந்த கதை என்றுதான் இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் மீறியதிலேயே கடினமான கட்டுப்பாடு நிஜாமாபாத் தெருவிலோ அவருடைய மதத்திலோ இல்லை, டெல்லியில் அந்த ரிங்கைச் சுற்றித்தான் இருந்தது என்பது என் எண்ணம். அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் அது தெரியும்.

மஞ்சள் ஊர், பீடி ஊர்

தெலங்கானாவின் வடக்கே இருக்கிறது நிஜாமாபாத். நம் ஈரோட்டைப் போலவே மஞ்சள் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்று வட்டாரத்தில் பீடி சுற்றும் தொழில் பெரிது, அதை நம்பி வாழும் பெண்கள் ஏராளம். முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் இந்த ஊரில் 1996 ஜூன் 14 அன்று நிகத் பிறந்தார். நான்கு பெண் பிள்ளைகளில் மூன்றாமவர்.

அப்பா முகமது ஜமீல் அகமது இளவயதில் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடியவர். பிழைப்புக்காகச் சவுதி போய், விற்பனை உதவியாளராகப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். மகள்களின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் கூட இருக்க வேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். வளைகுடா சம்பளத்தை நம்பி இருக்கும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்று நம் ஊரிலும் தெரியும். மாதாமாதம் வரும் பணம் நின்றுபோகும். 'ஏன் வந்துட்டே' என்று கேட்காத உறவு இருக்காது. நான்கு பெண்களைப் பெற்றவர் சீர் சேர்ப்பதற்காக இன்னும் பத்து வருடம் அங்கேயே இருந்திருந்தால் ஊரே அவரைப் பொறுப்பான அப்பா என்று சொல்லியிருக்கும். இந்த வரலாற்றில் முதலில் வழக்கத்தை மீறியவர் அவர் என்றே நான் நினைக்கிறேன்.

நிகத் முதலில் ஓடினார். குறுந்தொலைவு ஓட்டம். கலெக்டர் அலுவலக மைதானத்தில் அப்பா நேரம் பார்க்க, மகள் ஓடுவாள். அப்போது பள்ளிச் சிறுமி. அங்கே நடந்த ஒரு விளையாட்டு விழாவில் எல்லா ஆட்டத்திலும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள், குத்துச்சண்டையில் மட்டும் ஒருத்தியும் இல்லை. குத்துச்சண்டை பையன்களுக்கு மட்டும்தானா என்று நிகத் அப்பாவிடம் கேட்டார். அப்படி இல்லை, ஆனால் அதற்கு வேண்டிய பலம் பெண்களுக்குக் கிடையாது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்றார் அப்பா.

இதுதான் முதல் கேள்வி. அதற்கு வந்த பதிலையும் கவனிக்க வேண்டும். கூடாது என்று அப்பா சொல்லவில்லை. ஜனங்கள் நினைக்கிறார்கள் என்றுதான் சொன்னார். விதி வேறு, ஊரார் எண்ணம் வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த அப்பா ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

சரி, ஆசை வந்துவிட்டது. சொல்லித்தர ஆள் வேண்டுமே? நிஜாமாபாத்தில் ஆள் இருந்தார். ஷம்ஷாமுதீன் என்ற பயிற்சியாளர், குடும்பத்துக்கு உறவுக்காரர். அவருடைய மகன்களும் குத்துச்சண்டை வீரர்கள். அவர்களில் ஒருவரான ஹுசாமுதீன் பின்னாளில் காமன்வெல்த் விளையாட்டில் இரண்டு முறை வெண்கலமும், 2023 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் வென்றார். நடுத்தரமான ஊரில் ஒரே ஒரு குடும்பம் வைத்திருந்த பயிற்சிக்கூடத்திலிருந்து இத்தனை பதக்கங்கள் வந்திருக்கின்றன. ஷம்ஷாமுதீன் அந்த ஊரில் இல்லாமல் போயிருந்தால் நிகத்தின் கேள்வி அந்த மைதானத்திலேயே கரைந்து போயிருக்கும். திறமையும் துணிச்சலும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பயிற்சிக்கூடம் இருப்பதுதான் அரிது.

மூக்கில் ரத்தம்

அங்கே பயிற்சிக்கு வந்த ஒரே பெண் நிகத். ஜோடிக்குப் பெண் இல்லை, அதனால் பையன்களோடுதான் சண்டை. ஆரம்ப நாட்களில் ஒரு பையனோடு மோதி மூக்கில் ரத்தம் வழிய, கண்ணைச் சுற்றிக் கருத்துப்போய் வீட்டுக்கு வந்தார். அம்மா பார்த்ததும் அழுதுவிட்டார். முகம் இப்படி ஆனால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அம்மாவின் பயம். கவலைப்படாதே, பெயர் வந்துவிட்டால் மாப்பிள்ளைகள் தானாக வரிசை கட்டி நிற்பார்கள் என்றாளாம் மகள். நிகத்தே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் பிள்ளையின் முகத்தில் ஒரு தழும்பு விழுந்தால் ஊர் என்ன கணக்குப் போடும் என்று தெரிந்த எந்த அம்மாவும் அழத்தான் செய்வார். அவர் அழுதார், ஆனால் மகளைத் தடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியின்போது, சண்டை முடிந்த கையோடு மகள் கேமராவைப் பார்த்து 'அம்மி'க்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மி இவர்தான்.

உறவினர்களும் நண்பர்களும் சொன்னது வேறு. அரைக்கால் சட்டை போட்டு ஆடும் விளையாட்டுக்குப் பெண் பிள்ளையை அனுப்பலாமா என்பது அவர்கள் கேள்வி. ஜமீல் இதைப் பத்திரிகைகளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். யாரும் வந்து மிரட்டவில்லை, கல்லெறியவில்லை. 'நல்லதுக்குத்தான் சொல்றோம்' என்ற தோரணையில் வந்த பேச்சு அது. கல்யாண வீட்டில், தொழுகை முடிந்து திரும்பும் வழியில், டீக்கடையில் இப்படிப்பட்ட பேச்சு வரும். மிரட்டலை எதிர்த்துவிடலாம். அக்கறையாக வரும் பேச்சை எதிர்ப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் சொல்பவர் நாளைக்கும் நம் வீட்டுக்கு வருவார், நம் சோற்றைச் சாப்பிடுவார். பெரும்பாலான பெண்களின் விளையாட்டு ஆசை இந்த மாதிரிப் பேச்சில்தான் முடிந்துபோகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தடை சொன்ன உறவினர்கள் முஸ்லிம்கள். வேலையை விட்டு வந்த அப்பாவும், கையுறை மாட்டிவிட்ட பயிற்சியாளரும், கூடச் சண்டை பழகிய அவர் பிள்ளைகளும் முஸ்லிம்கள்தான். சுவரும் வாசலும் ஒரே வீட்டில் இருந்தன. மதத்தை மட்டும் வைத்து இந்தக் கதையைத் திறக்கப் பார்ப்பவர்கள் வாசலைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

அந்தப் பார்வை நிகத்துக்கும் பிடிக்கவில்லை. உலக சாம்பியன் ஆன பிறகு, சமூகத்தின் பிரதிநிதியாக அவரைப் பேசவைக்கப் பலர் முயன்றார்கள். நான் ஒரு மதத்துக்காக ரிங்கில் ஏறவில்லை, நாட்டுக்காக ஏறுகிறேன் என்று தெளிவாகச் சொன்னார். ஹிஜாப் பற்றிக் கேட்டபோது, அது அவரவர் விருப்பம், என் உடையில் என் வீட்டாருக்கு எந்த வருத்தமும் இல்லை என்று முடித்துக்கொண்டார். சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் 2019-ல்தான் ஹிஜாபும் உடல் முழுக்க மூடும் உடையும் அணிந்து போட்டியிட அனுமதி தந்தது. அதற்கு முன்பு, தலையை மூடிக்கொண்டு சண்டையிட விரும்பிய பெண்களை ரிங்குக்கு வெளியே நிறுத்தியது அந்த விளையாட்டின் விதிதான். கட்டுப்பாடு ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை.

நிகத்துக்கு முன்பு ஐதராபாத்திலிருந்து வந்த சானியா மிர்சாவுக்கு 2005-ல் நடந்தது நினைவிருக்கும். 18 வயதில், டென்னிஸ் உலகத் தரவரிசையில் விறுவிறுவென ஏறிக்கொண்டிருந்தவரின் பாவாடை அளவைப் பற்றி ஒரு மதகுரு கருத்துச் சொல்ல, நாடு முழுக்க அது விவாதமாகி, கொல்கத்தாவில் அவருக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. அப்போது நிகத்துக்கு ஒன்பது வயது. அந்தச் சத்தத்தைத் தாங்கிக்கொண்டு சானியா ஆடிக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த பெண்களுக்கும் அவர்களின் அப்பாக்களுக்கும் அது கொஞ்சமாவது தைரியம் தந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஈரோடு, அந்தால்யா

2009-ல் விசாகப்பட்டினத்தில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்துக்கு நிகத் தேர்வானார். துரோணாச்சாரியா விருது பெற்ற ஐ. வெங்கடேஸ்வர ராவ் அங்கே பயிற்சியாளர். அடுத்த வருடம், 2010-ல், ஈரோட்டில் நடந்த தேசியப் போட்டியில் சிறந்த வீராங்கனை விருது வாங்கினார். ஒரு மஞ்சள் ஊரில் பிறந்த பெண் இன்னொரு மஞ்சள் ஊரில் வந்து நாட்டின் கண்ணில் பட்டாள். இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

2011-ல் துருக்கியின் அந்தால்யா நகரில் ஜூனியர் உலக சாம்பியன்ஷிப். இறுதிச் சண்டை துருக்கிக்காரியான உல்கு டெமிரோடு, அதுவும் அந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால். 27-16 என்று நிகத் வென்றார். அப்போது அவருக்கு 15 வயதுகூட நிறையவில்லை. பலம் பெண்களுக்குக் கிடையாது என்று நினைத்த ஜனங்களுக்கு இரண்டே வருடப் பயிற்சியில் பதில் கிடைத்தது. அரைக்கால் சட்டைப் பேச்சும் அதற்கப்புறம் அடங்கத் தொடங்கியது. ஊர்க் கட்டுப்பாட்டின் இயல்பு அது. ஒரு பதக்கம் வந்தால் வளைந்துகொடுக்கும், ஊர்வலம் எடுக்கும்.

2013-ல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி. 2014-ல் செர்பியாவில் தங்கம். 2017-ல் பல்கலைக்கழகப் போட்டியில் வலது தோள்பட்டை இறங்கி, அறுவை சிகிச்சை செய்து, நீண்ட காலம் போய்விட்டது. 2018-ன் காமன்வெல்த், ஆசிய விளையாட்டு, உலக சாம்பியன்ஷிப் மூன்றும் அவர் இல்லாமலே நடந்தன. 2019 பிப்ரவரியில் பல்கேரியாவின் ஸ்ட்ரான்ஜா போட்டியில் தங்கத்தோடு திரும்பி வந்தார். அந்த வருடமே ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், தாய்லாந்து ஓப்பனில் வெள்ளி.

திரும்பி வந்தவருக்கு இடம் இல்லை.

ஒரே ஒரு இடம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எடைப் பிரிவுகளின் கணக்கு புரியாமல் இந்தச் சண்டை புரியாது.

பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012-ல்தான். அப்போது மூன்றே பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. டோக்கியோவுக்கு அவை ஐந்தாயின. அங்கும் ஆகக் குறைந்த எடை 51 கிலோதான். ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர் மட்டுமே போகலாம். மேரி கோமின் உடம்புக்கு இயல்பான எடை 48 கிலோவும் அதற்குக் கீழும். அவருடைய ஆறு உலகப் பட்டங்களும் அந்தச் சின்ன எடைகளில் வந்தவை. ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு இல்லாததால் அவர் எடை ஏறி 51-க்கு வந்தார், 2012 லண்டனில் வெண்கலம் வென்றார். நிகத்தின் பிரிவும் 51. இந்தியாவின் மிகப் பெரிய குத்துச்சண்டை வீராங்கனையும், அவரைப் பார்த்து வளர்ந்த பெண்ணும் ஒரே நாற்காலிக்கு முன்னால் நின்றார்கள். இதில் யார் மேலும் தப்பில்லை, பிரிவுகள் அப்படி அமைந்துவிட்டன.

2019 மே மாதம் கவுகாத்தியில் நடந்த இந்தியா ஓப்பன் அரையிறுதியில் இருவரும் மோதி மேரி கோம் வென்றார். ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப் அணிக்கான தேர்வுச் சண்டைகள் நடந்தன. நிகத் தன் சண்டைக்குத் தயாராகி வந்தார். கடைசி நேரத்தில் இந்தப் பிரிவில் தேர்வு கிடையாது, மேரி கோமை நேரடியாக அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சமீபத்திய ஆட்டங்களை வைத்து எடுத்த முடிவு என்று விளக்கமும் தந்தார்கள்.

அக்டோபரில் ரஷ்யாவின் உலான்-உதேயில் நடந்த அந்த உலகப் போட்டியில் மேரி கோம் அரையிறுதியில் துருக்கியின் புசே நாஸ் சகிரோக்லுவிடம் தோற்று வெண்கலம் பெற்றார். தங்கமோ வெள்ளியோ வென்றவருக்குத்தான் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நேரடி இடம் என்பது அப்போது இருந்த ஏற்பாடு. ஆனாலும் மேரி கோமையே அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது.

அப்போதுதான் நிகத் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் அது இருந்தது. ஒவ்வொரு முறையும் தன்னை நிரூபிப்பதுதான் விளையாட்டின் அடிப்படை, 23 ஒலிம்பிக் தங்கம் வென்ற மைக்கேல் பெல்ப்ஸே ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் மறுபடி தகுதி பெறத்தானே வேண்டியிருந்தது, நமக்கு மட்டும் ஏன் வேறு விதி என்று கேட்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே மேரி கோம்தான் எனக்கு ஊக்கம், அவரைப் போலவே பெரிய வீராங்கனையாக முயல்வதுதான் அந்த ஊக்கத்துக்கு நான் செய்யும் நியாயம் என்றும் எழுதியிருந்தார்.

இந்தக் கடிதத்துக்கு வந்த எதிர்ப்பைப் பார்த்தால், அரைக்கால் சட்டையைப் பற்றி உறவினர்கள் பேசியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். யார் இந்த நிகத் ஜரீன், எனக்குத் தெரியாதே என்று மேரி கோம் கேட்டார். ஒலிம்பிக் தங்கம் வென்ற துப்பாக்கிச் சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா நிகத்தின் கோரிக்கை நியாயம் என்று சொல்ல, குத்துச்சண்டையில் அவர் தலையிட வேண்டாம் என்று பதில் வந்தது. சமூக ஊடகங்களில் நிகத்தை மரியாதை தெரியாதவள், விளம்பரத்துக்கு அலைபவள் என்றார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டுத் திரும்பி வந்து உலகப் பட்டம் வென்றவர் மேரி கோம், மணிப்பூரின் ஏழை வீட்டிலிருந்து எழுந்து வந்தவர். அவர் மேல் நாட்டுக்கு இருக்கும் அன்பு நியாயமானது. எனக்கும் அது உண்டு. அந்த அன்புதான் நிகத்தின் முன்னால் சுவராக நின்றது.

பெரியவர்களிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் ஒரு கட்டுப்பாடுதான். பயிற்சிக்கூடங்களிலும் சங்கங்களிலும் இதை யாரும் கட்டுப்பாடு என்று சொல்வதில்லை, மரியாதை என்கிறார்கள். எனக்குத் தெரிந்து எத்தனையோ பிள்ளைகள் இந்த மரியாதைக்காகவே வாயை மூடிக்கொண்டு, இரண்டு மூன்று வருடம் காத்திருந்து, வயதாகி, வேலைக்குப் போய்விட்டார்கள். விளையாட்டில் இரண்டு மூன்று வருடம் என்பது ஒருவரின் முழு இளமை. நிகத் காத்திருக்கவில்லை. சின்ன ஊர்க்காரி, பெரிய ஆட்களின் துணை இல்லாதவள், ஓர் அமைச்சருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதி, விதியை எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள் என்றாள்.

கூட்டமைப்பு தேர்வுச் சண்டைக்கு ஒத்துக்கொண்டது. டிசம்பர் 28 அப்படித்தான் வந்தது. அதில் நிகத் தோற்றார், நன்றாகவே தோற்றார். அன்று மேரி கோம் அனுபவசாலி. வேண்டிய இடத்தில் குத்தினார், வேண்டாதபோது பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார். தோற்றதால் நிகத் கேட்டது தப்பு என்று ஆகிவிடுமா? பலர் அப்படித்தான் பேசினார்கள். அவர் கேட்டது இடத்தை அல்ல, சண்டையை. சண்டை கிடைத்தது. அந்த நாள் மேரி கோமுக்கும் நல்லதே செய்தது என்பேன். அவர் டோக்கியோ போனது யார் தயவிலும் அல்ல, சண்டையிட்டு வென்றுதான் என்று இன்று யாரும் சொல்ல முடிகிறதே.

ஒரு கிராம் கூடினாலும்

டோக்கியோவில் மேரி கோம் இரண்டாவது சண்டையில் கொலம்பியாவின் இங்ரித் வாலென்சியாவிடம் 2-3 என்று தோற்றார். நாற்காலி காலியானது. 2022 பிப்ரவரியில், அதே ஸ்ட்ரான்ஜா போட்டியின் அரையிறுதியில், டோக்கியோவில் வெள்ளி வென்றிருந்த சகிரோக்லுவை நிகத் வீழ்த்தித் தங்கமும் வென்றார். மே மாதம் இஸ்தான்புல்லில் 52 கிலோ பிரிவில் மெக்சிகோ, மங்கோலியா, இங்கிலாந்து, பிரேசில் வீராங்கனைகளைத் தாண்டி இறுதிக்கு வந்தார்.

மே 19 அன்று நடந்த இறுதிச் சண்டை தாய்லாந்தின் ஜுதாமாஸ் ஜிட்பாங்கோடு. முதல் சுற்று நிகத்துடையது. தள்ளி நின்று நீட்டி அடித்து, அவள் நெருங்கும்போது நழுவினார். இரண்டாவதில் ஜுதாமாஸ் மேலேறினாள். மூன்றாவதில் நிகத் மறுபடி முன்னால் போய்க் குத்தினார். ஐந்து நடுவர்களும் நிகத்துக்கே தந்தார்கள்: இருவர் 30-27, மூவர் 29-28. அதாவது மூன்று பேர் பார்வையில் ஒரே ஒரு சுற்றுதான் வித்தியாசம். 5-0 என்று அறிவித்ததும் குதித்தார், அழுதார். மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, கேரளத்தின் லேகா ஆகியோருக்குப் பிறகு உலகப் பட்டம் வென்ற ஐந்தாவது இந்தியப் பெண். செய்தியாளர்களிடம் அவர் முதலில் கேட்டவற்றில் ஒன்று, ட்விட்டரில் நான் டிரெண்டிங்கில் இருக்கிறேனா என்பது. யார் இந்த நிகத் என்று கேட்கப்பட்ட பெண்ணுக்கு அந்த ஆசை இருப்பதில் என்ன ஆச்சரியம். அடுத்த மாதமே மேரி கோமோடு எடுத்த செல்ஃபியையும் பகிர்ந்தார். 2019 அத்தோடு முடிந்தது.

அதே ஆண்டு பர்மிங்ஹாமில் 50 கிலோவில் தங்கம். 2023 மார்ச் 26 அன்று டெல்லியில் வியட்நாமின் நுயென் தி தாமை 5-0 என வென்று இரண்டாவது உலகப் பட்டம். இரண்டு முறை உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள மேரி கோமுக்கு அடுத்து இந்தியாவில் அவர் மட்டும்தான் அன்று இருந்தார்.

ஆனால் 50 கிலோ. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆகக் குறைந்த பெண்கள் பிரிவு அது. 52-ல் ஆடியவர் இரண்டு கிலோ இறங்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கிலோ ஒன்றுமில்லை. கொழுப்பே இல்லாத ஒரு விளையாட்டுக்காரியின் உடம்பில் அது எங்கிருந்து போகும்? தண்ணீரிலிருந்துதான் போகும். சண்டை நாள் காலையில் எடை பார்ப்பார்கள். ஒரு நாள் மட்டுமல்ல, சண்டை இருக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும். ஒரு கிராம் கூடினாலும் வெளியே. அதனால் முதல் நாளே சோறு நின்றுவிடும், தண்ணீர் வாய் நனைக்கும் அளவுக்கு வந்துவிடும். நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். வியர்வை வரவழைக்கக் கனத்த உடையைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். காலையில் முள் சரியாக நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துச் சாப்பிட்டு, சில மணி நேரத்தில் உடம்பை மீட்டு, ரிங்கில் ஏறி ஒன்பது நிமிடம் குத்து வாங்கவும் கொடுக்கவும் வேண்டும்.

பாரிஸில் நிகத்துக்குத் தரவரிசை இடம், அதாவது வலுவானவர்கள் ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாமல் பிரித்து வைக்கும் இடம், கிடைக்கவில்லை. இரண்டு உலகப் பட்டம் இருந்தும் சாதாரண குலுக்கலில் நின்றார். முதல் சண்டையில் ஜெர்மனியின் மாக்ஸி குளோட்சரை 5-0 என்று வென்றார். இரண்டாவதில் எதிரே வந்தவர் சீனாவின் வூ யூ. 2023-ல் நிகத் 50 கிலோவில் ஆடியபோது அவர் விட்டுப்போன 52 கிலோ உலகப் பட்டத்தை வென்றவர், பாரிஸில் முதல் நிலைத் தரவரிசை. 2024 ஆகஸ்ட் 1 அன்று 0-5 என்று நிகத் தோற்றார். வூ யூ பின்னர் தங்கமே வென்றார். எடைக்காக இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, நாட்டிடம் மன்னிப்புக் கேட்டுக் கண்ணீரோடு நின்றார். அந்தக் காணொளியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அவர் யாரிடம், எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தரவரிசை தராதது அநியாயம், இரண்டு முறை சாம்பியனுக்கு எளிய குலுக்கல் வேண்டும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் எழுதியவர், அது தனக்கே பாதகமாக வந்தபோதும் அதே இடத்தில் நின்றார்.

பாரிஸுக்கு அடுத்த மாதம் தெலங்கானா அரசு அவரைக் காவல்துறையில் டிஎஸ்பியாக நியமித்தது. அரைக்கால் சட்டைக்கு வருத்தப்பட்ட உறவினர்கள் இப்போது அவரைக் காக்கிச் சட்டையில் பார்க்கிறார்கள். 2025 செப்டம்பரில் லிவர்பூல் உலக சாம்பியன்ஷிப் காலிறுதியில் சகிரோக்லு பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் உலகக் குத்துச்சண்டைக் கோப்பை இறுதி. பிரிவு மறுபடியும் 51 கிலோ, டெல்லியில் அன்று கிடைக்காமல் போன அதே எடை. தைவானின் குவோ யீ-சுவானை 5-0 என்று வென்று, 29 வயதில், சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன்னால் தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டார் நிகத்.